துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் பண்டிகைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

குமரன்_நியூஜெர்சி:

வணக்கம். நியூஜெர்சியில் ஹைலண்ட் பார்க் என்ற ஊரில் இருக்கிறேன், எடிசனுக்குப் பக்கம். எங்கள் தெருவில் ஆர்த்தடாக்ஸ் யூதக் குடும்பங்கள் நிறைய. எதிர்வீட்டுக்காரரின் அப்பா தவறிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் போய்ப் பார்த்தோம். கூடத்தில் இருந்த கண்ணாடியைப் போர்வையால் மூடியிருந்தார்கள். அவர் ஒரு குட்டை நாற்காலியில், காலரை ஒட்டிக் கிழிந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அதே நேரத்தில் கொல்லைப்புறத்தில் சுத்தியல் சத்தம். அவர்கள் ஜெபக்கூடத்துப் பையன்கள் நாலைந்து பேர் வந்து, கூடாரப் பண்டிகைக்காக இவர்களுக்குக் குடில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏழு நாள் துக்கம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் திங்கள் சாயங்காலம் பண்டிகை தொடங்கியதும் அது அதோடு முடிந்துவிட்டதாம். செவ்வாய் இரவு குடிலுக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. நேற்று அவர் மனைவி வந்து, வியாழக்கிழமை இரவு குடும்பத்தோடு சாப்பிட வாருங்கள் என்றார்.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். அம்மா பிப்ரவரியில் போய்விட்டார். தலைத்திவசம் முடியும்வரை பண்டிகை கிடையாது, எந்த விசேஷத்துக்கும் போகாதே என்று திருநெல்வேலியிலிருந்து அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் சில நாளில் தீபாவளி. பையனுக்கு 6 வயது, மத்தாப்பு கேட்கிறான். எனக்கும் கொண்டாட மனசில்லை. ஆனால் எதிர்வீட்டுப் பாட்டைக் கேட்டதிலிருந்து ஒரே குழப்பம். நாலு நாள் முன்னால் அப்பாவைப் புதைத்த மனிதர் எப்படிப் பாடுகிறார்? ஊருக்காகவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், என்ன வாங்கிக்கொண்டு போவது என்றும் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை:

யூதர் கதை எனக்குத் தெரியாது. ஆனால் நம் பக்கமும் துக்கவீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்களே தவிர, தீபாவளிக்குச் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பலகாரம் கொண்டுவந்து குவித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் தாத்தா இறந்த வருஷம் வந்த முறுக்கைப் பொங்கல் வரை தின்றோம். அக்காவுக்கு இதை ஞாபகப்படுத்துங்கள்.

ஜெசி_மார்த்தாண்டம்:

குமரன், போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் இஸ்ரேலில் பெத்தா திக்வாவில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம், சி.எஸ்.ஐ. குடும்பம். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்ததையெல்லாம் இங்கே ஜனங்கள் சமையலறையில் செய்துகொண்டிருப்பார்கள். அதைப் பார்ப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. நான் கவனித்துக்கொண்டிருந்த தாத்தா இறந்தபோது அந்த வீட்டில்தான் இருந்தேன். பாட்டி இப்போதும் என் பொறுப்பில்தான் இருக்கிறார்.

தாத்தா காலையில் போனார், சாயங்காலத்துக்குள் அடக்கம். பெட்டி கிடையாது, வெள்ளைத் துணியில் சுற்றி நேரே மண்ணில். வாசல் சுவரில் கறுப்புக் கரை போட்ட நோட்டீஸ். கல்லறையிலிருந்து திரும்பியதும் துக்கக்காரர்கள் சாப்பிடும் முதல் சாப்பாடு அவர்கள் வீட்டுச் சாப்பாடாக இருக்கக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் கொடுக்க வேண்டும். மாடிவீட்டு அம்மா அவித்த முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்தார். மூத்த மகன் வேண்டாம் என்று தலையாட்டினார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. முட்டையை உரித்தார், உப்பில் தொட்டார், அவர் உள்ளங்கையில் வைத்தார், அவர் மென்று விழுங்கும்வரை முன்னால் நின்றார். அதுதான் எனக்கு முதல் பாடம். உனக்குப் பசிக்கிறதா என்று இவர்கள் கேட்பதில்லை.

அந்த ஏழு நாளும் வாசல் கதவு பூட்டப்படவில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் துக்கக்காரர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது. பைபிளில், பிள்ளைகளை இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறதா, அதே முறை. (அவர்கள் வாயைத் திறந்த பிறகுதானே எல்லாம் கெட்டது!) இங்கே மகன் வாயைத் திறந்ததும் கதைகள் தொடங்கின. மூன்றாம் நாள் என்று நினைக்கிறேன், ஒரு பழைய நண்பர், தாத்தா தன் சுபாரு காரில் போகும்போது பாட்டியைப் பெட்ரோல் பங்கில் மறந்து விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்த கதையைச் சொன்னார். மூலையில் இருந்த பாட்டி, "வீட்டுக்கா? ஹைஃபாவுக்கே போய்விட்டார்!" என்றார். கூடமே சிரித்தது. மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அன்று தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஊர்த் துக்கவீட்டில் யாராவது இப்படிச் சிரித்தால் அடுத்த தலைமுறை வரை பேசுவார்கள்.

நடுவில் ஓய்வுநாள் வரும். வெள்ளி சாயங்காலம் குட்டை நாற்காலியை விட்டு எழுந்து, கிழிந்த சட்டையை மாற்றிவிட வேண்டும். ஜெபக்கூடத்தில் ஓய்வுநாளை வரவேற்றுப் பாடும் பாட்டு முடியும்வரை துக்கக்காரர் வெளியே நிற்பார். பாட்டு முடிந்ததும் உள்ளே வருவார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பி, சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கப்படுகிற மற்றவர்களோடு உன்னையும் கடவுள் தேற்றுவாராக என்பார்கள். சனிக்கிழமை முழுக்க வெளிப்படையாகத் துக்கம் காட்டக்கூடாது, ஆனால் அந்த நாளும் ஏழில் ஒன்றாகக் கணக்கில் சேரும். சனி இரவு திரும்பவும் கிழிந்த சட்டை. ஏழாம் நாள் காலை கொஞ்ச நேரம் உட்கார்ந்ததும், எழுந்திருங்கள் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். உன் துக்கநாட்கள் முடிந்துபோம் என்று ஏசாயா 60-இல் வருகிறதே, அந்த வசனம். பிறகு வெளியே போய்த் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். நானும் பாட்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். ரொட்டிக் கடைக்காரர் வெளியே வந்து தலையசைத்தார்.

அப்புறம் 30 நாள் ஒரு கட்டம். கணவன், மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர்கள் என்றால் அத்தோடு முடிந்தது. தாய் தகப்பனுக்கு மட்டும் 12 மாதம். பாட்டுக் கச்சேரி, விருந்து எதுவும் கூடாது. மகன் 11 மாதம் தினமும் ஜெபக்கூடத்துக்குப் போய், இறந்தவருக்காகச் சொல்லும் கத்தீஷ் என்ற ஜெபத்தைச் சொன்னார். அதில் சாவு என்ற பேச்சே இல்லை, முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதான். ஆனால் தனியாகச் சொல்ல முடியாது, பத்து ஆண்கள் கூட வேண்டும். இந்த மனிதர் அதுவரை வருஷத்துக்கு ஒருமுறைகூட அங்கே ஒழுங்காகப் போனவர் இல்லை. விடிகாலையில் திட்டிக்கொண்டேதான் கிளம்புவார். ஒன்பது பேர் சேர்ந்துவிட்டு பத்தாவது ஆள் வராவிட்டால் தெருவில் இறங்கித் தேடுவார். கொஞ்ச நாளில் பஸ் டிரைவர் ஒருவர், மீன்கடைக்காரர் ஒருவர் என்று ஒரு கூட்டமே அவருக்கு நண்பர்களாகிவிட்டது. யாருடைய பேரன் பரீட்சையில் பெயிலானான் என்பது வரை வந்து பாட்டியிடம் சொல்வார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த வருஷத்துக்குள்ளேயே பேத்தி கல்யாணம் வந்தது, பாட்டியின் மகள் வயிற்றுப் பேத்தி. பாட்டிக்கு 30 நாள்தான், அதனால் தடையில்லை. மாமா முறைக்காரரான மூத்த மகனுக்குத்தான் சிக்கல். மேளமும் ஆட்டமும் உள்ள விருந்தில் அவர் உட்காரக்கூடாது. ரபியிடம், அதாவது அவர்கள் மதகுருவிடம், கேட்டார். ரபி சொன்ன வழி: விருந்தாளியாகப் போகாதே, வேலைக்காரனாகப் போ. பரிமாறுகிறவனுக்குத் தடையில்லை. இது இவர் ஒருவருக்காகக் கண்டுபிடித்ததில்லை, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பங்களில் வழக்கமாகவே செய்வதுதான். ஆக, தங்கை மகள் கல்யாணத்தில் அந்த மனிதர் ஏப்ரன் கட்டிக்கொண்டு மேஜை மேஜையாகத் தட்டு தூக்கினார். பாட்டி வேண்டுமென்றே அவரை இரண்டு தடவை மீன் கொண்டுவரச் சொல்லி வேலை வாங்கினார். மாப்பிள்ளை கண்ணாடித் தம்ளரைக் காலால் மிதித்து உடைத்தபோது, இடிந்த எருசலேமை நினைத்துச் செய்வது அது, மாமா தட்டும் கையுமாகப் பந்தலோரத்தில் நின்று எல்லோரையும்விடச் சத்தமாக "மஸல் தோவ்" என்று வாழ்த்தினார்.

அவர் நடித்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரைச் சிரி என்று யாரும் சொல்லவில்லை. இந்தத் தட்டைப் பிடி, அந்த மேஜைக்குக் கொண்டுபோ என்றார்கள். சந்தோஷம் அந்த அறையில் மற்றவர்களிடம் இருந்தது, அவர் அதன் நடுவில் நடக்க வேண்டியிருந்தது. உங்கள் எதிர்வீட்டுக்காரர் பாடுவதும் இந்த வகைதான். பையன்கள் வந்து குடில் போட்டுக் கொடுத்தார்கள் பாருங்கள், அவர்தான் வேலை செய்யக்கூடாது, ஊர் செய்யலாம்.

கூடாரப் பண்டிகையின் கடைசியில் சிம்ஹாத் தோரா என்று ஒரு நாள். தோரா என்ற வேதச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். இஸ்ரேலில் அதே காலையில்தான் இறந்தவர்களை நினைக்கும் ஜெபமும். அப்பா அம்மா உயிரோடு இருப்பவர்கள் அந்த நேரம் வெளியே போய்விடுவது வழக்கம். பிள்ளைகள் மிட்டாய்க் கையோடு வாசலில் ஓடுவார்கள், உள்ளே மற்றவர்கள் அழுவார்கள், கதவு திறந்ததும் திரும்ப ஆட்டம். 2023-இல் அந்த நாள்தான் அக்டோபர் 7, ஹமாஸ் தாக்கிய நாள். அடுத்த வருஷம் ஆடுவதா வேண்டாமா என்று ஊரே வாதாடியது. எங்கள் தெருவில் ஆடினார்கள், அழுதுகொண்டுதான். அந்தப் போரின் இரண்டு பக்கத்துச் சாவுகளையும் இங்கே பேச ஆரம்பித்தால் இந்த இழை வேறெங்கோ போகும், விட்டுவிடுகிறேன்.

கொண்டுபோவது பற்றி: வீட்டில் சமைத்தது வேண்டாம், கோஷர் என்று அவர்களுக்கு உணவு விதிகள் உண்டு, வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் தவிப்பார்கள். வைனும் வேண்டாம், அதற்குத் தனி விதிகள். நறுக்காத முழுப் பழங்கள் போதும். ஆறுதல் வசனம் பேசாதீர்கள். அவர் அப்பா எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள், உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்.

முகிலன்:

ஜெசி அக்கா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. மனசு காலண்டர் பார்க்குமா? நாலாம் நாள் எழுந்திரு என்று சட்டம் சொன்னால் துக்கம் எழுந்து போய்விடுமா? என் தம்பி போனபோது 16-ஆம் நாள் எல்லோரும் கறிச்சோறு தின்றுவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையில் உறைத்தது.

ஜெசி_மார்த்தாண்டம்:

முகிலன், நீங்கள் சொல்வதை இங்கேயே பலர் சொல்வார்கள். எங்கள் கட்டிடத்தில் ஒரு பெண்ணுக்கு அம்மா இறந்து அடக்கம் முடிந்து இரண்டே மணி நேரத்தில் பஸ்கா பண்டிகை வந்துவிட்டது. அவ்வளவுதான், ஏழு நாள் ரத்து. "எனக்குச் சேர வேண்டியதைத் திருடிவிட்டார்கள்" என்றாள். பண்டிகை முடிந்ததும் அவள் சிநேகிதிகள் சட்டம் எதையும் பார்க்காமல் தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் பொருந்துகிற ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை.

சுந்தரம்_மதுரை:

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். முகிலனின் கேள்வி பழைய கேள்விதான். கி.பி. 70-இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகு, இனி இறைச்சி தின்னமாட்டோம், திராட்சரசம் குடிக்கமாட்டோம் என்று பலர் விரதம் பூண்டார்கள். பலி கொடுத்த பீடமே போய்விட்டதே என்பது காரணம். ரபி யெஹோஷுவா அவர்களிடம் போய்ப் பேசியதை, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. மாவுக் காணிக்கையும் நின்றுவிட்டது, அப்படியானால் ரொட்டியும் வேண்டாமே? பழம் தின்றுகொள்கிறோம் என்றார்கள். முதற்கனிக் காணிக்கையும் நின்றுவிட்டதே? வேறு பழம் தின்கிறோம். சரி, பீடத்தில் தண்ணீர் வார்ப்பதும்தான் நின்றுவிட்டது, தண்ணீர் குடிக்கலாமா? பேச்சில்லை. பிறகு அவர் சொன்னார்: துக்கப்படாமல் இருக்கவும் முடியாது, அளவுக்கு மீறித் துக்கப்படவும் முடியாது. வீட்டுக்குப் பூச்சுப் பூசிக்கொள், ஒரு சின்ன இடத்தை மட்டும் பூசாமல் விடு. விருந்து வை, ஒரு பதார்த்தத்தைக் குறைத்துக்கொள். இன்றும் பக்தியுள்ள சில வீடுகளில் வாசலுக்கு எதிர்ச்சுவரில் அந்தப் பூசாத சதுரத்தைப் பார்க்கலாம்.

சட்டம் எழுதியவனுக்கே சட்டம் உதவியதா என்றால், அதற்கும் ஒரு கதை உண்டு, நம் கடலோடு சம்பந்தப்பட்டது. 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், மருத்துவர், யூதச் சட்டங்களையெல்லாம் தொகுத்தவர். ஒருவன் தன் இறந்தவருக்காக அளவுக்கு மீறித் துக்கப்படக்கூடாது என்று எழுதியவர் அவர்தான். அவர் தம்பி தாவீது இரத்தின வியாபாரி, இந்தியாவுக்குப் புறப்பட்டவர் இந்தியப் பெருங்கடலில் கப்பலோடு மூழ்கிப்போனார். செய்தி வந்த அன்று படுக்கையில் விழுந்த மைமோனிடிஸ் ஏறக்குறைய ஒரு வருஷம் எழவில்லை. எட்டு வருஷம் கழித்து எழுதிய கடிதத்திலும், இன்னும் ஆறுதல் இல்லை, தம்பியின் கையெழுத்தைப் பார்த்தால் நெஞ்சு கலங்குகிறது என்கிறார். அதே மனிதர்தான் பண்டிகைச் சட்டத்தில் இதையும் எழுதினார்: கதவைச் சாத்திக்கொண்டு மனைவி மக்களோடு மட்டும் தின்று குடித்து, ஏழைகளையும் மனக்கசப்பில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளாதவனுடைய சந்தோஷம் வெறும் வயிற்றுச் சந்தோஷம். பைபிளின் உபாகமம் 16-இல், பண்டிகையில் சந்தோஷப்படு என்று சொல்லும் இடத்திலேயே திக்கற்ற பிள்ளையும் விதவையும் பட்டியலில் இருக்கிறார்கள். குமரன், எதிர்வீட்டம்மா உங்களைக் கூப்பிட்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். உங்கள் அம்மா இறந்தது அவர்களுக்குத் தெரியுமல்லவா?

கிளிநொச்சி_மகள்:

எல்லாம் வாசிச்சனான். ஒரு கேள்வி. அடக்கம் செய்த பிறகுதானே இந்த ஏழு நாள் தொடங்குது. உடல் கிடைக்காட்டி? எங்கட அண்ணாவை 2009 இல கொண்டுபோனவை. அம்மா இன்னும் அந்தியேட்டி, அதுதான் செத்தவைக்குச் செய்யிற காரியம், செய்ய விடேல்ல. தீபாவளியும் இல்லை, துக்கமும் இல்லை. 2017 இல இருந்து, காணாமல் போனவையின்ர சொந்தங்கள் போராடுற ரோட்டோரப் பந்தலில படத்தோட போய் இருக்கிறா. சொந்தக்காரர் எல்லாம் காரியத்தைச் செய்து முடி எண்டு சொல்லினம்.

சுந்தரம்_மதுரை:

தங்கச்சி, அவர்கள் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. உடல் கிடைக்காவிட்டால், தேடுகிறவர்கள் நம்பிக்கையை விட்ட நாளிலிருந்து ஏழு நாள் எண்ண வேண்டும். யாக்கோபின் மகன் யோசேப்பை அண்ணன்கள் விற்றுவிட்டு, ரத்தம் தோய்ந்த அங்கியைக் கொண்டுவந்து காட்டினார்கள் அல்லவா? பிள்ளைகள் எல்லோரும் தேற்றியும் யாக்கோபு தேறவில்லை என்று ஆதியாகமத்தில் இருக்கிறது. ஏன் என்று பழைய உரையாசிரியர்கள் கேட்டு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: இறந்தவருக்காக மனம் ஆறும், உயிரோடு இருப்பவரை இறந்ததாக நினைத்தால் ஆறாது. உங்கள் அண்ணாவைப் பற்றி இதிலிருந்து நான் எதுவும் சொல்ல வரவில்லை. அம்மாவை யாரும் அவசரப்படுத்த வேண்டாம் என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

கிளிநொச்சி_மகள்:

நன்றி ஐயா. சித்தப்பாவுக்கு இதை அனுப்பிவிடுறன். அவர்தான் அந்தரப்படுறவர்.

குமரன்_நியூஜெர்சி:

எல்லோருக்கும் நன்றி. அம்மா விஷயம் அவர்களுக்குத் தெரியும், பிப்ரவரியில் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். வியாழக்கிழமை போகிறோம். அக்காவிடமும் பேசினேன். தீபாவளிக்கு நீ எண்ணெய் வைக்காதே, எடிசனில் இருக்கும் மச்சானிடம் சொல்லிப் பலகாரம் அனுப்பச் சொல்கிறேன் என்கிறார். மத்தாப்பு பற்றிக் கேட்டேன், போனை வைத்துவிட்டார். வியாழன் இரவு மழை என்று வேறு காட்டுகிறது.

சுந்தரம்_மதுரை:

மழைக்கு, தல்மூதுக்கு அடிப்படையான பழைய நூல் மிஷ்னாவிலேயே விதி உண்டு: கூழ் கெட்டுப்போகிற அளவுக்குப் பெய்தால் குடிலை விட்டு வீட்டுக்குள் போகலாம். குளிர், ஈ, நாற்றம் எதுவானாலும் குடில் துன்பம் தந்தால் விலக்கு. அப்படியானால் துக்கத்தில் இருப்பவனுக்கும் விலக்கு உண்டா என்று தல்மூத் கேட்கிறது. இல்லை என்று பதில். மழை தானாக வருகிறது, இவன் துன்பம் இவனுக்குள் இருப்பது, மனதை நிலைப்படுத்திக்கொண்டு வந்து உட்காரட்டும் என்கிறது.

முகிலன்:

கொடுமை!

ஜெசி_மார்த்தாண்டம்:

கொஞ்சம் கொடுமைதான். குமரன், பையனுக்கு ஸ்வெட்டர் போடுங்கள், அக்டோபரில் உங்கள் ஊரில் குடிலுக்குள் குளிரும். கூரையில் தொங்கும் பழங்களைப் பிய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவை அலங்காரத்துக்கு.